எவர் கொண்டுபோயிருந்தாலும்

புளியந்தீவு
12.01.1996

அன்னம்,

கையெழுத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பாய். விடுதியில் உன் பக்கத்துக் கட்டிலில் படுத்த அதே றஸீனாதான். காத்தான்குடியில் உம்மாவோடு இருக்கிறேன். புளியந்தீவில் ஒரு நிவாரண நிறுவனத்தின் கந்தோரில் வேலை. வெளிநாட்டார் வந்தால் அவர்கள் பேசுவதைத் தமிழிலும், நம் ஆட்கள் பேசுவதை ஆங்கிலத்திலும் சொல்வது என் பொறுப்பு. தயிர் கொண்டுவரும் கந்தப்போடி அண்ணன்தான் உன்னைப் பற்றிச் சொன்னார். பழுகாமத்தில் படிப்பிக்கிறாயாம். காணாமல்போனவர்களின் வீட்டுப் பெண்களைக் கூட்டி வைத்திருக்கிறாயாம். உன் கணவர் நல்லரத்தினம் அண்ணனைத் தொண்ணூறாம் ஆண்டுச் சுற்றிவளைப்பில் ஆமி கொண்டுபோனதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். என் கூடப்பிறந்த ஹமீட் காக்காவையும் அதே ஆண்டில்தான் கல்முனை வீதியில் வான் வண்டியை மறித்து இறக்கினார்கள். இறக்கியவர்கள் ஆமி அல்ல. அதற்கு மேல் எழுத்தில் வேண்டாம்.

இப்போது எழுதும் காரணம் வேறு. மாசியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தூதுக்குழு மட்டக்களப்புக்கு வருகிறது. அந்த ஒன்றியத்தில் பதினைந்து நாடுகள். பதினைந்தும் வராது. ஆறு மாதத்துக்கு ஒரு நாடு தலைமையில் இருக்கும். இப்போது தலைமையில் இருப்பது, இதற்கு முன் இருந்தது, அடுத்து வரப்போவது என்று மூன்று நாட்டின் ஆட்கள் வருவார்கள். அவர்கள் கேட்பதும் எழுதுவதும் பதினைந்துக்காகவும்தான். பங்குனி, சித்திரையில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை ஆணைக்குழு கூடும்போது, தலைமை நாட்டின் பிரதிநிதி எழுந்து எல்லோர் பெயராலும் ஓர் அறிக்கை வாசிப்பார். ஒரு நாடு ஒரு சொல்லுக்கு இணங்காவிட்டால் அந்தச் சொல் போய்விடும். இணங்கிவிட்டால் அதை ஒரு நாட்டின் கோபம் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

காணாமல்போனவர்களின் குடும்பங்களுக்கு அரை மணித்தியாலம் தந்திருக்கிறார்கள். பேசுவது ஒருவர் மட்டும். பேச்சு முன்கூட்டியே எழுத்தில் வர வேண்டும். பள்ளிக்கூட விவாதங்களில் உன்னை எதிர்த்து நிற்க ஆள் கிடையாதே. நீ பேசுவாயா?

றஸீனா

பழுகாமம்
26.01.1996

றஸீனாவுக்கு,

உன் கடிதத்தைக் கந்தப்போடி அண்ணன் வெறுந் தயிர்ச்சட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். எழுத்தெல்லாம் புளித்த வாசம். ஆனாலும் மூன்று முறை வாசித்தேன். ஹமீட் காக்கா நம் விடுதி வாசலில் சைக்கிளோடு நின்று உன்னைக் கூப்பிடும் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. நானும் அதற்கு மேல் எழுதவில்லை.

பெண்களைப் பள்ளிக்கூடத்தில் கூட்டினேன். விஷயத்தைச் சொன்னதும் சின்னத்தங்கம் அக்கா சிரித்தா. இரண்டு பொடியன்களையும் ஒரே நாளில் பறிகொடுத்த மனுசி அவ.

“பதினஞ்சு நாட்டுக்கும் ஒரு வாயா? இஞ்ச ஒரு கிணத்தடியில தண்ணி அள்ளுற நாலு பேருக்கே ஒரு வாய் இல்ல.”

“அதுக்குத்தான் அக்கா இப்ப பழகச் சொல்லுறாங்க” என்றேன்.

ஒவ்வொருத்திக்கும் தன் கதையைத் தானே சொல்ல வேண்டும். மூன்று பின்னேரம் கூடினோம். அழுதார்கள், சண்டை பிடித்தார்கள், ஒருத்தி எழுந்து போய்விட்டுத் திரும்பி வந்தாள். கடைசியில் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் பேசுவேன். ஆறு வருடமாக முகாம் வாசல்களில் நின்று பேசாததை அங்கே பேசுவேன்.

பேச்சை இதோடு வைத்திருக்கிறேன். பார்த்து, ஆங்கிலத்தில் போட்டுக்கொடு.

அன்னப்பூரணி

புளியந்தீவு
06.02.1996

அன்னம்,

கொழும்பில் குண்டு வெடித்ததால் தூதுக்குழுவின் வருகை பங்குனிக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அதனால் இதை எழுத நேரம் கிடைத்தது. இல்லாவிட்டால் எழுதாமலே மொழிபெயர்த்திருப்பேனோ தெரியாது.

உன் பேச்சின் முதல் வசனம் இது: “கிழக்கில் காணாமல்போன அனைவருக்காகவும் பேசுகிறேன்.” இரண்டாவது: “இவர்கள் அனைவரையும் கொண்டுபோனது அரச படைகளே.” அந்த “அனைவரும்” என்பதற்குள் என் காக்கா எங்கே இருக்கிறார்? நீ நல்லரத்தினம் அண்ணனைக் கேட்பது நியாயம். சின்னத்தங்கம் அக்காவின் பிள்ளைகளைக் கேட்பது நியாயம். ஆனால் எல்லோருக்காகவும் என்று தொடங்கிவிட்டு எங்களை அழித்துவிட்டுப் போகிறாய்.

காக்காவின் வானில் சித்தி நபீஸாவின் புருஷனும் இருந்தார். அவ நேற்று வீட்டுக்கு வந்து கேட்டா:

“அவங்கட பேச்ச நீதானா இங்கிலீசுல சொல்லப்போற? உன்ட வாயாலயா?”

நோன்பு வாயோடு பொய் சொல்ல முடியாமல் ஓம் என்றேன்.

இரண்டு பேர் பேசலாமா என்று கந்தோரில் கேட்டேன். இரண்டு குழு இரண்டு விதமாகச் சொன்னால் பதினைந்து நாடும் இரண்டையும் விட்டுவிடும் என்றார்கள். அந்த வசனத்தை மாற்று. மாற்ற முடியாவிட்டால் மொழிபெயர்க்க வேறு ஆளைத் தேடச் சொல்லிவிடுவேன்.

றஸீனா

புளியந்தீவு, தபால் கந்தோர்
14.02.1996

றஸீனா,

சம்பளம் எடுக்க வந்த இடத்தில் நின்றபடி எழுதுகிறேன். உன் கந்தோருக்குப் போனேன், நீ வெளியே போய்விட்டாயாம். இதை வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். இப்படியான கடிதத்தைப் பட்டிருப்புப் பாலம் தாண்டி அனுப்ப முடியாது. உனக்கு அது விளங்கவில்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

அந்த இரண்டாவது வசனம் என்னுடையது அல்ல. நான் எழுதியது, “எங்கள் ஊரில் கொண்டுபோனது அரச படைகள்” என்று. பாலத்துக்கு அந்தப் பக்கம் இயக்கத்தின் பொறுப்பாளராக இருப்பவர் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கே வந்து தாளைக் கேட்டு வாங்கினார். என் மேசையில், என் சிவப்புப் பேனாவால், பிள்ளைகளின் கொப்பியைத் திருத்துவது போலத் திருத்தினார். “எங்கள் ஊரில்” போய் “இவர்கள் அனைவரையும்” வந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன் காக்காவின் பெயரை அந்த மண்டபத்தில் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. சொல்லிவிட்டு எந்த பஸ்ஸில் ஏறுவது? நீ காத்தான்குடிச் சந்தியில் இறங்கி வீட்டுக்குப் போய்விடுவாய். நான் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். நல்லரத்தினம் வந்தால் தேடி வருவதும் அந்த வீட்டுக்குத்தான்.

வேறு ஆளைத் தேடச் சொல்கிறாயா? தேடு. பேசவும் வேறு ஆளையே தேடிக்கொள்.

அன்னப்பூரணி

காத்தான்குடி
22.02.1996

அன்னம்,

நேற்றுப் பெருநாள். உன் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நான் ஆத்திரத்தோடு வாசித்தேன். உம்மா ஆத்திரப்படவில்லை.

“அந்தப் புள்ள அந்தக் கரையில இரிந்து பேசுது. அவள்ட உசிர வெச்சு நாம துணிச்சல் காட்டேலா மகள். அவள் பேசாட்டியும் சரி, நல்லா இரிக்கட்டும்.”

அதன் பிறகு உன் கடிதத்தை ஆத்திரமில்லாமல் இன்னொரு தரம் வாசித்தேன்.

ஆனாலும் ஒன்றைக் கேள். முன்னேற்பாட்டுக்காகத் தலைமை நாட்டின் தூதரகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தா. வாகரைப் பக்கம் பார்க்கக் கூட்டிப்போனேன். வழியில் கேட்டேன், பதினைந்து நாடும் சண்டை பிடிக்காமல் எப்படி ஒரே அறிக்கை வாசிக்கிறீர்கள் என்று. “யார் சொன்னது சண்டை பிடிப்பதில்லை என்று?” எனச் சிரித்தா. ஒரு சொல்லில் முழு நாளும் போகுமாம். ஒருவர் குற்றவாளியின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பாராம், மற்றவர் கூடாது என்பாராம். அதற்காகப் பேசாமல் எழுந்து போவதில்லையாம். பதினைந்து பேரும் தலையாட்டக்கூடிய வசனம் ஒன்று கிடைக்கும் வரை இருப்பார்களாம். கிடைப்பது யாருக்கும் முழுத் திருப்தி தராதாம். ஆனால் அதை யாரும் மறுக்க மாட்டார்களாம்.

நமக்கும் அப்படி ஒரு வசனம் வேண்டும். நான் யோசித்தது இது: “எங்கள் ஆட்களை எவர் கொண்டுபோயிருந்தாலும், அவர்களிடமிருந்து திருப்பிக் கேட்கிறோம்.” கொண்டுபோனவர் பெயர் ஒன்றும் வேண்டாம். கொண்டுபோகப்பட்டவர்களின் பெயர்களைச் சொல்வோம், உங்களுடையதும் எங்களுடையதும் கலந்து.

இதுவும் உனக்கு ஆபத்துத்தான். அது எனக்கு இப்போது தெரியும். அதனால் கேட்கிறேன், வற்புறுத்தவில்லை. நீ வேண்டாம் என்றாலும் நீ எழுதிய பேச்சை நானே மொழிபெயர்ப்பேன். வேறு ஆளிடம் விடமாட்டேன்.

இதை உன் சம்பள நாளில் வாங்கிக்கொள்ளும்படி அதே காவலாளியிடம் வைக்கிறேன்.

றஸீனா

புளியந்தீவு
02.03.1996

றஸீனா,

சம்பள நாள் வரும்வரை பொறுக்க முடியாமல், கல்விக் கந்தோரில் வேலை என்று சொல்லிவிட்டு முன்பே ஒருமுறை வந்து உன் கடிதத்தை எடுத்துப் போய்விட்டேன். இன்று பதிலோடு வந்திருக்கிறேன். மறுபடியும் நீ இல்லை. அந்தப் பெண் அதிகாரியோடு ஊர் சுற்றுகிறாயாம்.

உன் வசனத்தை நம்பிக்கையானவர்களிடம் மட்டும் சொன்னேன். சின்னத்தங்கம் அக்கா கோபத்தில் எழுந்துவிட்டா.

“என்ட ரெண்டு பொடியனையும் ஆர் ட்ரக்குல ஏத்தின எண்டு ஊருக்கே தெரியும். ஏத்தினவன்ட பேரச் சொல்லாம நான் என்னத்தக் கேக்கிற? வெட்டு அந்த வசனத்த!”

அவ சொன்னது சரி. எனக்கும் அந்த வசனம் பிடிக்கவில்லை. நல்லரத்தினத்தைக் கொண்டுபோன ஆமிக்காரனின் முகம் எனக்குத் தெரியும். “எவர்” என்று சொல்லும்போது அந்த முகத்தை நானே துடைத்துவிடுகிறேன். இது உங்களுக்காக நாங்கள் விட்டுக்கொடுப்பது. சிறிய விஷயம் அல்ல. அதை நீ சித்தி நபீஸாவுக்கும் சொல்ல வேண்டும்.

அக்கா மறுபடி உட்கார்ந்தா. பிறகு கேட்டா:

“அந்த ஹமீட் எண்ட பொடியன்ட தாய் இரிக்கிறாவா?”

“இரிக்கிறா அக்கா.”

“அப்ப பேரப் போடு.”

அவ்வளவுதான். ஆனால் எங்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. காத்தான்குடிப் பெண்கள் மண்டபத்தில் தனியாக ஒரு மூலையில் இருக்கக்கூடாது. எங்களோடு ஒரே நீள வாங்கில் பக்கம் பக்கமாக உட்கார்ந்து இருக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு யார் எந்த ஊர் என்று பிரித்துப் பார்க்க முடியாமல் இருக்கட்டும்.

திருத்தப்பட்ட தாளோடுதான் பாலத்தைக் கடப்பேன். வாசிக்கப்போவது அதை அல்ல.

அன்னம்

புளியந்தீவு
12.03.1996

அன்னம்,

மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் உன் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். காத்தான்குடிக்கு வா, கொஞ்ச நாள் எங்களோடு இரு என்றேன். “மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து தேடுவாள்” என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டாய். அன்று முதல் கந்தப்போடி அண்ணனைக் காணவில்லை. நீ வீட்டில் இருக்கிறாயா என்றுகூடத் தெரியாமல், ஒரு கன்னியாஸ்திரி மூலம் இதை அனுப்புகிறேன்.

நீ பேசும்போது உன் முகத்தை நீ பார்த்திருக்க மாட்டாய். நான் பக்கத்தில் நின்றேன். நடுவில் தலைமை நாட்டின் அந்தப் பெண் அதிகாரி, இரண்டு பக்கமும் மற்ற இரண்டு நாட்டின் ஆண்கள். தாளைப் பிரித்தாய். சின்னத்தங்கம் அக்காவின் தோளில் சித்தி நபீஸாவின் முந்தானை பட்டுக்கொண்டிருந்தது. ஒருவரும் நகர்ந்து இருக்கவில்லை.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. பேசுகிறவர் “நான்” என்றால் மொழிபெயர்ப்பவரும் “நான்” என்றே சொல்ல வேண்டும். “அவ சொல்கிறா” என்று சொல்லக்கூடாது. அதனால் “என் கணவர் நல்லரத்தினம்” என்று நீ சொன்னபோது நானும் என் கணவர் என்று சொன்னேன். பிறகு ஹமீட் காக்காவின் பெயர் வந்தது. அந்தப் பெண் பேனாவை நிறுத்திக் கேட்டா, இவர் முஸ்லிம் அல்லவா, உங்களுக்கு என்ன உறவு என்று. நான் அதைத் தமிழில் உன்னிடம் கேட்டேன். நீ என்னைப் பார்க்கவில்லை. அவவைப் பார்த்தபடியே சொன்னாய்:

“என்ட காக்கா.”

அதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். “என் அண்ணன்.” இத்தனை வருடமாக எந்தக் கந்தோரிலும், எந்த வெளிநாட்டாரிடமும் நான் சொல்லாத வார்த்தை. பிறர் பேச்சை மட்டும் சொல்லிக்கொடுத்தே பழகிவிட்டேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அந்தப் பெண் உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தா. விளங்கியதோ இல்லையோ, தலையைக் குனிந்து எழுதினா.

ஒரு வரி போதும். இருக்கிறேன் என்று எழுது.

றஸீனா

பழுகாமம்
05.04.1996

றஸீனா,

இருக்கிறேன்.

பாலம் கடந்த மறுநாளே வந்து கூப்பிட்டார்கள். விவசாயிகளுக்கான பழைய கமநலக் கட்டிடத்தில் சில நாட்கள் வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. அதே பொறுப்பாளர்தான். கேள்விகள் கேட்டார்.

“இந்தப் பேரெல்லாம் வாசிக்கச் சொல்லி உங்களுக்கு ஆர் அதிகாரம் தந்த, டீச்சர்?”

“பெத்த தாய்மார்.”

“நாங்க திருத்தித் தந்த கடதாசி?”

“பத்திரமா இரிக்கி. வேணுமெண்டா எடுங்க.”

“மக்களுக்காகப் பேச நாங்க இரிக்கிறம். உங்களுக்கு ஏன் இந்த வேலை?”

“அப்ப ஹமீட் எங்க எண்டு நீங்க சொல்லுங்க. நான் பேசாம வீட்டுக்குப் போறன்.”

அவர் கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டார்.

வாசலில் சத்தம் கேட்டது. சின்னத்தங்கம் அக்காவும் மற்றவர்களும் வந்து இருந்துவிட்டார்கள். போகச் சொன்னார்கள், போகவில்லை. அங்கேயே கல் வைத்து அடுப்பு மூட்டிச் சோறு காய்ச்சினார்கள். என் மகள் அவர்கள் மடியில்தான் இருந்தாள். கடைசியில் என்னை அவர்களோடு அனுப்பிவிட்டார்கள். பாலம் தாண்டும் அனுமதியை மட்டும் நிறுத்திவைத்திருக்கிறார்கள். கந்தப்போடி அண்ணனையும் கொஞ்ச நாள் மறித்து வைத்து, இப்போது விட்டிருக்கிறார்கள்.

நான் செய்ததற்கு வருந்தவில்லை. அதை உம்மாவிடம் சொல். ஜெனீவாவில் என்ன நடக்கிறது என்று மட்டும் எழுதி, இதைக் கொண்டுவரும் அந்தக் கன்னியாஸ்திரியிடமே கொடு.

அன்னம்

புளியந்தீவு
09.05.1996

அன்னம்,

வாசித்துவிட்டார்கள். தூதரகத்தின் அந்தப் பெண் அதிகாரி அறிக்கையைப் தொலைநகலில் அனுப்பினா. எத்தனையோ நாடுகளைப் பற்றிய நீண்ட அறிக்கை. நம் நாட்டுக்கு ஒரு பந்தி. அதற்குள் நமக்கு ஒரே ஒரு வசனம்: “கிழக்கில், எந்தச் சமூகத்தவரானாலும், எவர் கொண்டுபோயிருந்தாலும், காணாமல்போன ஒவ்வொருவருக்கும் பதில் கூறப்பட வேண்டும்.”

அவவோடு தொலைபேசியில் பேசினேன். “எந்தச் சமூகத்தவரானாலும்” தேவையில்லை என்றது ஒரு நாடாம். “எவர் கொண்டுபோயிருந்தாலும்” வேண்டாம் என்றது இன்னொன்றாம். அவதான் தன் குறிப்பைத் தலைநகருக்கு அனுப்பி, ஒரே வாங்கில் இரண்டு சமூகத்துப் பெண்களையும் கண்டேன், அவர்கள் இணங்கிய வசனத்தில் நாம் இணங்காமல் போவதா என்று எழுதினாவாம். வசனம் நின்றது. பதினைந்து நாடும் அதைச் சொல்லியிருக்கின்றன.

ஆனால் ஒரு பெயரும் இல்லை, அன்னம். நீ வாசித்த எந்தப் பெயரும் அதில் இல்லை. தனி ஆட்களின் பெயர் அங்கே வாசிப்பதில்லையாம். உம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னா. பிறகு கேட்டா:

“ஹமீட்ட பேர் எங்க மகள்?”

“இல்ல உம்மா.”

எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டா.

ஆடி முதலாம் திகதியிலிருந்து தலைமை வேறு நாட்டுக்குப் போகிறது. அந்தப் பெண் அதிகாரி வேறு நாட்டுக்கு மாற்றலாகிப் போகிறா. புது ஆட்கள் மட்டக்களப்பு எங்கே என்று படத்தில் தேடுவார்கள். எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். நீ கமநலக் கட்டிடத்தில் இருந்துவிட்டு வந்தது ஒரு வசனத்துக்காகவா? நான் களைத்துப்போனேன். நிறுத்திவிடலாமா? நீ சொல்.

றஸீனா

பழுகாமம்
27.05.1996

றஸீனா,

நிறுத்துவதா? நல்ல கதை.

அந்த வசனத்தைப் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு வாசித்தேன். சின்னத்தங்கம் அக்கா உடனே பிடித்துவிட்டா.

“இது நான் வெட்டச் சொன்ன வசனந்தானே?”

“ஓம் அக்கா.”

“பதினஞ்சு நாடும் வெட்டாம விட்டுட்டாங்களா?” என்று கேட்டுவிட்டு அடக்க முடியாமல் சிரித்தா. அவ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு, பெயர் இல்லை என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. “அப்ப இன்னொருக்காப் போவம்” என்றா. ஒருத்தியும் மறுக்கவில்லை. பெயர் வாசிக்கிற வழக்கம் அவர்களிடம் இல்லையென்றால், ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் கேட்டு எழுதும் வழி ஏதாவது இருக்கும். அதை நீ புது ஆட்களிடம் விசாரி. அவர்களுக்கு நம்மைத் தெரியாவிட்டால் என்ன, தெரியப்படுத்துவோம்.

பாலம் தாண்டும் அனுமதி மீண்டும் கிடைத்துவிட்டது. பெண்கள் போய் நின்று வாங்கித் தந்தார்கள். ஆனால் அடுத்த முறை நான் பேசப்போவதில்லை. பயத்தால் அல்ல. போன முறை எங்கள் கரையிலிருந்து ஒருத்தி எல்லோருக்காகவும் பேசினாள். இந்த முறை உங்கள் கரையிலிருந்து ஒருத்தி பேச வேண்டும். யார் என்று மூன்று பின்னேரமெல்லாம் கூடவில்லை. எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள்.

உன் உம்மா.

தன் மூத்த பொடியனின் பெயரையும் இளையவனின் பெயரையும் அந்த மனுசி வாயால் கேட்க வேண்டும் என்று அக்கா சொல்கிறா. நல்லரத்தினத்தின் பெயரை உம்மா சொல்லும்போது நான் அந்த வாங்கில் சும்மா இருந்து கேட்க வேண்டும், எனக்கும் அதுதான் ஆசை. நீ பக்கத்தில் நின்று “என் மகன் ஹமீட்” என்று ஆங்கிலத்தில் சொல்.

இதைக் கடிதத்தில் கேட்பது மரியாதை இல்லை. வருகிற சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நாங்கள் எல்லோரும் காத்தான்குடிக்கு வருகிறோம், உம்மாவைக் கேட்க. நான் பேசி என்ன, எனக்கு என்ன தெரியும் என்று அவ மறுப்பா. மறுக்கட்டும். சம்மதிக்கும் வரை திரும்பிப் போக மாட்டோம்.

மத்தியானத்துக்குக் கூடுதலாக அரிசி போடு.

அன்னம்